நடுவர் எனில் நடுவில் நிற்க வேண்டாமா?

குடிசையாயினும் கோபுரமாயினும் வாசற்கதவு என்று ஒன்று உண்டு. கதவுக்கு உள்ளே தனி மனிதன் இருக்கிறான். வெளியே ஆட்சி நிற்கிறது. வெளியே நிற்பது உள்ளே நுழையலாமா, நுழையலாமெனில் எதைத் தேடி, யாருடைய ஒப்புதலின் பேரில் என்ற கேள்விக்கு ஒரு நாடு தரும் விடையைக் கொண்டே, அங்கு நடப்பது குடியாட்சியா கோனாட்சியா என்று அளந்துவிடலாம். வாக்குச்சாவடியில் குடிமகன் மன்னன் என்று முழங்கிவிட்டு, மறுநாள் இரவு அவன் பெட்டியையும் படுக்கையையும் புரட்டிப் போட யார் வேண்டுமானாலும் கையெழுத்திடலாம் என்று சட்டம் இருக்குமானால், அந்த மன்னன் நாடகமேடை மன்னனே.

சோதனை ஆணை, வாரண்டு என்று வழக்கில் வழங்கும் அந்தத் தாளைப் பிறப்பிக்கும் அதிகாரம் நம் மாவட்டங்களில் யாரிடம் இருக்கிறது? நீதிபதியிடம் மட்டும் என்று நம்மில் பலர் எண்ணிக்கொண்டிருக்கிறோம். அந்த எண்ணம் பாதிதான் உண்மை. மற்றப் பாதியை எடுத்துரைத்து, அதன் தீமையைத் திறனாய்வு செய்வதே இக்கட்டுரையின் வேலை.

சட்டப் புத்தகத்தைப் புரட்டுவோம். 1898 ஆம் ஆண்டு வெள்ளையர் வகுத்த குற்றவியல் நடைமுறைச் சட்டம் போய், 1973 ஆம் ஆண்டுச் சட்டம் வந்தது. 1974 ஏப்ரல் முதல் நாள் அது நடப்புக்கு வந்தது. அதுவும் போய், பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்று, தமிழன் வாயில் எளிதில் நுழையாத பெயரோடு 2023 இல் ஒரு சட்டம் இயற்றப்பட்டு, 2024 சூலை முதல் நாளிலிருந்து நடைபெறுகிறது. மூன்று சட்டங்கள், இடையே ஒரு நூற்றாண்டுக்கு மேல் காலம், ஒரு பேரரசு போய் ஒரு குடியரசு வந்தது. ஆயினும் ஒரு சொற்றொடர் மட்டும் அசையாமல் அப்படியே உட்கார்ந்திருக்கிறது. புதிய சட்டத்தின் 97 ஆம் பிரிவில் அதைக் காணலாம். திருட்டுப் பொருள், கள்ள நோட்டு, போலி ஆவணம், போலி முத்திரை, ஆபாசப் பொருள் முதலியன ஓர் இடத்தில் இருப்பதாகத் தகவல் வந்தால், தமக்குத் தேவையென்று தோன்றும் விசாரணையைச் செய்து, அங்கே புகுந்து தேடப் போலீசாருக்கு ஆணையிடும் அதிகாரம் மூவருக்கு உண்டு என்கிறது அப்பிரிவு. மாவட்ட நடுவர், உட்கோட்ட நடுவர், முதல் வகுப்பு நடுவர் ஆகியோரே அம்மூவர்.

மூவரையும் நடுவர் என்றே சட்டம் அழைக்கிறது. பெயர் ஒன்று, ஆள் வேறு. முதல் வகுப்பு நடுவர் நீதிமன்றத்தில் அமர்பவர், சட்டம் பயின்றவர், அரசியல் சட்டத்தின் 235 ஆவது பிரிவின்படி உயர் நீதிமன்றத்தின் கட்டுப்பாட்டில் இருப்பவர். மாவட்ட நடுவரோ வேறு யாருமல்லர், நம் கலெக்டர். உட்கோட்ட நடுவர் என்பவர் சப்-கலெக்டர் அல்லது கோட்டாட்சியர். காலையில் நில வரிக் கோப்பு, பகலில் அமைச்சர் வருகைக்கான ஏற்பாடு, மாலையில் ஊர்வலத்துக்கு அனுமதி கொடுக்கலாமா என்று போலீஸ் அதிகாரியோடு ஆலோசனை. இடையில் அதே மேசையில், அதே பேனாவால், ஒரு குடிமகனின் வீட்டுக் கதவைத் திறக்கும் ஆணை!

கலெக்டர் கெட்டவர் என்று நாம் சொல்லவில்லை. கற்றவர்கள், கண்ணியமானவர்கள், ஏழைக்கு இரங்குகிறவர்கள் அந்த நாற்காலியில் அமர்ந்திருக்கிறார்கள். நாம் நாற்காலியைப் பற்றிப் பேசுகிறோம். மாவட்டத்தில் அமைதி குலைந்தால் அமைச்சரவைக்கு விடை சொல்ல வேண்டியவர் அவர். போலீசார் வெற்றி பெற்றால் அவருக்குப் பெருமை. தோற்றால் அவருக்குத் தலைகுனிவு. மாநில சர்க்கார் நினைத்தால் நாளையே அவரை வேறு ஊருக்கு மாற்றலாம். தேட விரும்புகிற தரப்பின் தலைமையில் இருப்பவரிடமே, தேடலாமா என்று கேட்பது எப்படி நியாயமாகும்? பள்ளியில் பணியாற்றும் நமக்கு ஓர் எளிய உவமை தோன்றுகிறது. நம் வகுப்பு மாணவர் எத்தனை பேர் தேறினர் என்பதை வைத்து நம்மை அளக்கிறார்கள். அப்படியிருக்க, பொதுத் தேர்வு விடைத்தாளை நம்மிடமே கொடுத்துத் திருத்தச் சொல்வார்களா? சொல்ல மாட்டார்கள். நாம் பொய்யர் என்பதற்காக அல்ல. பொய் சொல்லும் வாய்ப்பே எழக்கூடாது என்பதற்காக.

இந்த எச்சரிக்கை நம் மண்ணுக்குப் புதிதன்று. வரி வசூலிப்பவரும் போலீஸ் அதிகாரம் செலுத்துபவரும் ஒருவராகவே இருந்த காலம் சென்னை மாகாணத்தில் இருந்தது. தாசில்தார் கையில் இரண்டும் இருந்தன. விளைவு என்ன? விரல்களைக் கிட்டியில் வைத்து நெரித்து வரி பிடுங்கினார்கள். 1855 இல் சென்னைச் சித்திரவதை விசாரணைக் குழுவின் அறிக்கை அக்கொடுமைகளைப் பக்கம் பக்கமாக எடுத்துரைத்தது. 1859 இல் இம்மாகாணத்துக்கென்று தனிப் போலீஸ் சட்டம் பிறந்தது. இரண்டு அதிகாரம் ஒரு கையில் சேர்ந்தால் நடுவே நசுங்குபவன் ஏழை என்ற பாடத்தை நம் பாட்டன்மார் தம் விரல்களால் கற்றுக் கொடுத்துச் சென்றனர்.

இலண்டன் நகரமும் இதே பாடத்தைக் கற்றிருக்கிறது. 1762 நவம்பரில் ஜான் என்டிக் என்ற எழுத்தாளரின் வீட்டுக்குள் அரசின் ஆட்கள் நால்வர் புகுந்தார்கள். ஏறத்தாழ நான்கு மணி நேரம் பெட்டிகளை உடைத்துத் தேடி, தாள்களை வாரிச் சென்றார்கள். அவர்கள் கையில் ஓர் ஆணை இருந்தது. அதில் கையெழுத்திட்டவர் ஹாலிஃபாக்ஸ் பிரபு; நீதிபதியல்லர், அமைச்சர். என்டிக் அஞ்சி ஒடுங்கவில்லை, வழக்குத் தொடுத்தார். 1765 இல் தலைமை நீதிபதி கேம்டன் பிரபு தீர்ப்பளித்தபோது ஆராய்ந்த முதன்மையான கேள்விகளுள் ஒன்று என்ன தெரியுமா? அமைச்சர் ஒரு நடுவர் ஆவாரா என்பதே! ஆகமாட்டார் என்று விடை பகர்ந்தார் கேம்டன். சட்டத்தில் இல்லாத அதிகாரத்தை ஆட்சியின் தேவை என்ற பெயரால் உண்டாக்க முடியாது என்றும் உரைத்தார். ஆணை செல்லாதென்றாயிற்று, எழுத்தாளருக்கு இழப்பீடும் கிடைத்தது. மன்னர் ஆண்ட நாட்டில், 260 ஆண்டுகளுக்கு முன் தீர்ந்த வழக்கு இது. மக்கள் ஆளும் நாட்டில் நாம் இன்னும் அதைப் பேசிக்கொண்டிருக்கிறோம்!

கேம்டன் எழுப்பிய அந்தக் கேள்வியை விடாமல் பின்தொடர்ந்த நாடு அமெரிக்கா. அங்கு ஊருக்கு ஊர் நீதிபதிகள் பல வகை. சிலர் சட்டம் படித்தவர், சிலர் படியாதவர். இவர்களுள் யார் சோதனை ஆணையில் கையெழுத்திடலாம் என்ற வழக்குகள் அந்நாட்டு உச்ச நீதிமன்றத்துக்குத் தொடர்ந்து வந்தன. 1971 இல் நியூ ஹாம்ப்ஷயர் மாநில வழக்கு ஒன்று. கொலைக் குற்றத்தைத் துப்பறியும் வேலைக்குத் தலைமை தாங்கிய அரசுத் தலைமை வழக்கறிஞரே, அமைதி நடுவர் என்ற மற்றொரு தொப்பியையும் அணிந்துகொண்டு, ஆணையில் கையெழுத்திட்டிருந்தார். செல்லாது என்றது நீதிமன்றம். 1977 இல் ஜார்ஜியா மாநில வழக்கு. அங்கு அமைதி நடுவருக்குச் சம்பளமில்லை. ஆணை பிறப்பித்தால் 5 டாலர், மறுத்தால் ஒன்றுமில்லை! மறுத்தால் பட்டினி என்றிருக்கும்போது மறுப்பவர் யார்? செல்லாது என்றது நீதிமன்றம். 1979 இல் நியூயார்க் மாநில வழக்கு. ஊர் நீதிபதியே போலீசாரோடு புத்தகக் கடைக்குப் போய், மணிக்கணக்கில் நின்று, எதை எடுப்பது என்று சொல்லிக்கொடுத்தார். எடுத்தவற்றின் பட்டியல் பிறகு ஆணையில் எழுதிச் சேர்க்கப்பட்டது. அதுவும் செல்லாது என்றாயிற்று.

இடையில் 1972 இல் ஃபுளோரிடாவின் டாம்பா நகர வழக்கு வந்தது. நகராட்சி நீதிமன்ற எழுத்தர்கள் கைது ஆணை பிறப்பித்து வந்தனர். அவர்கள் சட்டம் பயின்றவரல்லர். ஆயினும் நகர விதிகளை மீறிய சிறு குற்றங்களுக்கு அவர்கள் ஆணை பிறப்பிக்கலாம் என்றது உச்ச நீதிமன்றம். அது விதித்த அளவுகோல் இரண்டு: பற்றின்றி விலகி நிற்பவராக இருக்க வேண்டும், போதிய காரணம் உண்டா என்று எடைபோடும் திறன் உள்ளவராக இருக்க வேண்டும். இரண்டாவது அளவுகோலில் நீதிமன்றம் சற்று இளகிவிட்டதாகவே நமக்குத் தோன்றுகிறது. போதிய காரணம் எது என்று பகுத்தறிவதற்குப் பயிற்சி வேண்டும். ஆனால் முதல் அளவுகோலில் எள்ளளவும் இளக்கமில்லை என்பதைக் கவனியுங்கள். அந்த எழுத்தர்கள் தேறியதற்குக் காரணமே, அவர்கள் போலீசுக்கும் வழக்கறிஞருக்கும் கட்டுப்படாமல் நீதிமன்றத்தின் கீழ் வேலை செய்தார்கள் என்பதுதான். நம் கலெக்டரை அந்த முதல் அளவுகோலில் நிறுத்திப் பாருங்கள். எழுத்தர் தேறிய தேர்வில் ஐ.ஏ.எஸ். தோற்கிறார்!

அமெரிக்கச் சரக்கு நமக்கெதற்கு என்பார் உண்டு. சரி, நம் உச்ச நீதிமன்றத்துக்கே வருவோம். 1954 இல் எம்.பி. சர்மா வழக்கில், வீடு புகுந்து தேடுவது அடிப்படை உரிமையை மீறுவதாகாது என்று நீதிபதிகள் எண்மர் தீர்ப்பளித்தனர். அவர்கள் காட்டிய நியாயங்களுள் ஒன்று, சோதனை ஆணை பிறப்பிப்பது இயல்பாக ஒரு நீதிப் பணி. குடிமகனுக்கும் அதிகாரிக்கும் இடையே அந்த நீதிப் பணி வந்து நிற்கிறது. ஆகவே அஞ்சத் தேவையில்லை என்பதாகும். அந்தரங்க உரிமை என்று ஒன்று நம் அரசியல் சட்டத்தில் இல்லை என்று அத்தீர்ப்பு கூறிய பகுதியை 2017 இல் புட்டசாமி வழக்கில் நீதிபதிகள் ஒன்பதின்மர் துடைத்தெறிந்து, அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்று நிலைநாட்டினர். பழைய தீர்ப்பை எடுத்துக்கொண்டாலும், புதிய தீர்ப்பை எடுத்துக்கொண்டாலும் நம் வாதம் வலுப்பெறுகிறதே ஒழிய மெலியவில்லை. இது நீதிப் பணியெனில் நீதித்துறையிடம் அல்லவா இருக்க வேண்டும்? கலெக்டர் அலுவலகத்துக்கு ஏன் போயிற்று?

சட்டமே தனக்குத்தானே முரண்படுகிறது. பிற சட்டங்களின்கீழ் வரும் பணிகளை இருவகை நடுவருக்கும் பங்கிடும்போது, சான்றுகளைச் சீர்தூக்கும் வேலையை நீதித்துறை நடுவருக்கும், உரிமம் வழங்குவது போன்ற நிர்வாக வேலையை நிர்வாகத்துறை நடுவருக்கும் பிரித்துக் கொடுக்கிறது, புதிய சட்டத்தின் 3 ஆம் பிரிவு. நல்ல பிரிவினை. ஒரு வீட்டில் கள்ளப் பொருள் இருப்பதாக நம்ப இடமுண்டா என்று தகவலைச் சீர்தூக்குவது எந்த வேலை? துப்பாக்கி உரிமம் கொடுப்பது போன்ற வேலையா? பிறர்க்கு விதித்த நெறியைத் தன் 97 ஆம் பிரிவில் தானே மறந்துவிட்டது சட்டம்.

வேடிக்கை இத்தோடு முடியவில்லை. அஞ்சல் துறையின் பொறுப்பில் உள்ள கடிதத்தையோ பொட்டலத்தையோ தேடியெடுக்க ஆணையிடும் அதிகாரம் 96 ஆம் பிரிவின்கீழ் இருவருக்கு மட்டுமே உண்டு: தலைமை நீதித்துறை நடுவர் ஒருவர், மாவட்ட நடுவர் மற்றொருவர். சட்டம் பயின்று நாள்தோறும் வழக்கு விசாரிக்கும் முதல் வகுப்பு நடுவர் தொட முடியாத கடிதத்தைக் கலெக்டர் தொடலாம்! சோதனையை ஒலி-ஒளிப் பதிவு செய்ய வேண்டும் என்று 105 ஆம் பிரிவு புதிதாகக் கட்டளையிடுகிறது. அதை மனமார வரவேற்கிறோம். ஆனால் அந்தப் பதிவை யாருக்கு அனுப்ப வேண்டும்? மாவட்ட நடுவருக்கோ, உட்கோட்ட நடுவருக்கோ, முதல் வகுப்பு நீதித்துறை நடுவருக்கோ அனுப்பலாமாம். கருவி புதிது, கணக்கு பழையது.

கையெழுத்து யாருடையதாக இருந்தால் என்ன, தவறு நேர்ந்தால் பிறகு நீதிமன்றத்தில் பார்த்துக்கொள்ளலாமே என்று சிலர் சமாதானம் கூறலாம். அவர்களுக்கு ஓர் உண்மையை நினைவூட்டுகிறோம். அமெரிக்காவில் முறைகேடான சோதனையில் கிடைத்த சான்றை வழக்கில் பயன்படுத்தக் கூடாது. 1961 ஆம் ஆண்டுத் தீர்ப்பு ஒன்று அதை எல்லா மாநிலங்களுக்கும் விதியாக்கியது. நம் நாட்டில் அப்படியன்று. 1973 இல் பூரன் மால் வழக்கில், சோதனை முறைகேடானது என்பதற்காகவே அதில் கிடைத்த சான்றைத் தள்ளிவிட முடியாது என்று நம் உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. அங்கே கதவுக்குப் பின்னும் ஒரு காவல் உண்டு. இங்கே கதவில் இருப்பதுதான் காவல். அந்த ஒரே காவலையும் தேடுகிறவரின் மேலதிகாரியிடம் ஒப்படைப்பது அறிவுடைமையாகுமா?

பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பதன் விலை எழுதுகிறவர்களுக்கும் படிக்கிறவர்களுக்கும் நன்றாகத் தெரியும். தந்தை பெரியாரின் இராமாயண ஆராய்ச்சி நூலின் ஆங்கிலப் பதிப்பையும் இந்தி மொழிபெயர்ப்பையும் உத்தரப் பிரதேச சர்க்கார் 1969 இல் பறிமுதல் செய்ய உத்தரவிட்டது. அத்தகைய உத்தரவு பிறந்துவிட்டால், அந்நூலைத் தேடி எந்த இடத்திலும் புக வாரண்டு வாங்கச் சட்டத்தில் வழி உண்டு. உத்தரவுக்குரிய காரணங்களைச் சொல்லவே சர்க்கார் தவறியதென்று அலகாபாத் உயர் நீதிமன்றம் அதை 1971 இல் நீக்கியது. உச்ச நீதிமன்றம் 1976 இல் அத்தீர்ப்பை உறுதிசெய்தது. ஏழாண்டு கழித்து நியாயம் வந்தது. 97 ஆம் பிரிவின் பட்டியலில் ஆபாசப் பொருளும் இருக்கிறது என்பதை இங்கே நினைவில் கொள்க. எது ஆபாசம், எது கலை, எது உண்மையை உரைக்கும் எழுத்து என்று முதலில் முடிவு செய்பவர் ஆட்சிக்கு விடை சொல்லும் அதிகாரியாக இருக்கலாமா?

எதிர்வாதம் ஒன்றை நேர்மையோடு எடுத்து ஆராய்வோம். அவசரம் என்பார்கள். நீதிமன்றம் மெதுவாக நடக்கும், அதற்குள் திருடன் பொருளை மாற்றிவிடுவான் என்பார்கள். அவசரத்துக்குச் சட்டம் வேறு வழி வைத்திருக்கிறது. 185 ஆம் பிரிவின்படி, தாமதித்தால் பொருள் போய்விடும் எனில், புலனாய்வு செய்யும் போலீஸ் அதிகாரி காரணத்தை எழுதி வைத்துவிட்டு வாரண்டு இல்லாமலே தேடலாம்; அந்தக் குறிப்பின் நகலை 48 மணி நேரத்துக்குள் நடுவருக்கு அனுப்ப வேண்டும். ஆகவே வாரண்டு கேட்டு வருவது அவசரமில்லாத நேரத்தில்தான். கலெக்டர் அலுவலகத்துக்குப் போக நேரமிருந்தால், நீதிமன்றத்துக்குப் போகவும் நேரமுண்டு. அவசரம் என்ற வாதம் இங்கே காலூன்ற இடமில்லை.

மற்றொன்றையும் மறைக்காமல் சொல்வோம். நீதித்துறை நடுவர் என்றால் எல்லாம் சரியாகிவிடும் என்று நாம் பாமரத்தனமாக நம்பவில்லை. நீட்டிய தாளைப் படிக்காமல் ஒப்பமிடும் கை எங்கே இருந்தாலும் அது ரப்பர் முத்திரைதான். ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. நீதிமன்ற நடுவர் படிக்காமல் ஒப்பமிட்டால், அது அவர் பதவிக்கு இழுக்கு. கலெக்டர் போலீசுக்கு ஒத்துழைத்தால், அது அவர் பதவிக்குரிய கடமை. முன்னதைக் கண்டித்துத் திருத்தலாம். பின்னதை அமைப்பை மாற்றாமல் திருத்த முடியாது.

ஓரிடத்தில் மட்டும் நாம் விலகி நிற்கிறோம். முறைகேடாக அடைத்து வைக்கப்பட்ட மனிதரைத் தேடி மீட்கும் ஆணையை 100 ஆம் பிரிவு இதே மூவருக்கும் தருகிறது. சாதி கடந்து ஒருவனை விரும்பியதற்காக வீட்டில் பூட்டி வைக்கப்பட்ட பெண்ணை நினைத்துப் பாருங்கள். கடனுக்காகச் செங்கற் சூளையில் அடைபட்டுக் கிடக்கும் கொத்தடிமைக் குடும்பத்தை நினைத்துப் பாருங்கள். அங்கே தேடப்படுவது பொருளன்று, உயிர். நாடப்படுவது தண்டனையன்று, விடுதலை. 1976 ஆம் ஆண்டுக் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் கலெக்டரிடம் பொறுப்பை ஒப்படைத்திருப்பதும் பொருத்தமே. சங்கிலியை அறுக்க எத்தனை கை வந்தாலும் நன்று. குடிமகனுக்கு எதிராகச் சான்று திரட்டப் புகுவதற்கோ ஒரே கை போதும். அது நீதியின் கையாக இருக்க வேண்டும்.

ஆகவே நம் கோரிக்கை தெளிவானது. 97 ஆம் பிரிவிலிருந்தும், அஞ்சல் பற்றிய விதியிலிருந்தும் மாவட்ட நடுவர், உட்கோட்ட நடுவர் என்ற சொற்கள் நீங்க வேண்டும். சோதனையின் ஒலி-ஒளிப் பதிவு நீதிமன்றத்துக்கே செல்ல வேண்டும். ஆணையிடும் நடுவர், எந்த இடம், எந்தப் பொருள், என்ன காரணம் என்று தம் சொற்களில் எழுத வேண்டும்.

இதற்கு டில்லியின் வாசலில்தான் காத்துக் கிடக்க வேண்டுமா? இல்லை. குற்றவியல் நடைமுறை பொதுப் பட்டியலில் உள்ள பொருள். மாநிலச் சட்டமன்றம் திருத்தம் இயற்றி, குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்று, இம்மாநிலத்தில் நடைமுறைப்படுத்த அரசியல் சட்டத்திலேயே வழியிருக்கிறது. நீதித்துறையை நிர்வாகத்திலிருந்து பிரிக்க அரசு நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று அதே அரசியல் சட்டத்தின் 50 ஆவது பிரிவு பணிக்கிறது. போலீஸ் துணை ஆணையர்களுக்கு நிர்வாகத்துறை நடுவர் அதிகாரம் வழங்கிய அரசாணைகள், அதிகாரப் பிரிவினைக்கு மாறானவை, செல்லாதவை என்று சென்னை உயர் நீதிமன்றம் 2023 இல் தீர்ப்பளித்தது. அது பிணைப் பத்திரம் வாங்கும் அதிகாரம் பற்றிய வழக்கு. எனினும் நெறி இதே நெறிதான்.

இளைஞர்களே! ஊர்தோறும் மன்றங்கள் நடத்துகிறீர்கள்; படிப்பகங்கள் வைத்திருக்கிறீர்கள். அடுத்த கூட்டத்தில் 97 ஆம் பிரிவைத் தமிழில் உரக்கப் படியுங்கள். உங்கள் தொகுதியின் சட்டமன்ற உறுப்பினரிடம் அதை எடுத்துச் சென்று, எங்கள் வீட்டுக் கதவைத் திறக்கும் கையெழுத்து யாருடையது என்று கேளுங்கள். யார் சொன்னாலும் ஏன் என்று கேட்கப் பழகியவர்கள் நீங்கள். நடுவர் என்ற பெயரைச் சூட்டிவிட்டதனாலேயே ஒருவர் நடுவில் நின்றுவிடுவாரா என்ற இந்தக் கேள்வியையும் கேளுங்கள். விடை வரும்வரை கேட்டுக்கொண்டே இருங்கள்.